நலம் என்று எழுதிய பதினாறு கார்டுகள்

ஏப்ரல் 9, செவ்வாய்

இன்று நத்தம் ரோட்டில் ஐந்து வண்டிகளில் ஏறிச் செக்கிங். டிக்கெட் எடுக்காதவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் தூங்குவது போல நடித்தார். நிஜமாகத் தூங்குகிறவனுக்கு வாய் திறந்திருக்கும். நடிக்கிறவன் இறுக்கி மூடிக்கொள்வான். இருபத்தாறு வருஷச் சர்வீஸில் நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான். யாரும் தானாக உண்மையைச் சொல்ல மாட்டார்கள், ஏறி எண்ணிப் பார்க்க வேண்டும்.

மத்தியானம் கோபால்பட்டி நிறுத்தத்தில் நிற்கும்போது ஒரு போன். என் மகள் தாரணி கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்கு ஆபரேஷன் நடந்த கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து. பேசியவர் டாக்டர் மெஹருன்னிசா. அந்தக் காலத்தில் குடல் ஆபரேஷன் செய்துகொண்ட பிள்ளைகள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று ஓர் ஆய்வு நடக்கிறதாம். தாரணியை அழைத்து வர முடியுமா என்று கேட்டார்.

பதினேழு வருஷம் கழித்து எதற்கு? காரியமில்லாமல் போன் பண்ணுகிற ஆஸ்பத்திரியை நான் பார்த்ததில்லை. வருஷா வருஷம் நீங்கள் அனுப்பும் பதில் கார்டை ஒரு தடவைகூடத் தவறாமல் எழுதிப் போடுகிறேனே, அதில் எல்லாம் இருக்கிறதே என்றேன். அந்தக் கார்டுகளைப் பற்றித்தான் பேச வேண்டும் என்றார். வண்டி வந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன். வண்டி வரவில்லை.

ஏப்ரல் 11, வியாழன்

காலை ஐந்து மணிக்குக் குளியலறைக்குள் போன தாரணி ஐந்து ஐம்பதுக்கு வெளியே வந்தாள். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. பிளஸ் டூ பரீட்சை முடிந்து ஒரு மாதம் ஆகிறது. டைப்ரைட்டிங் கிளாஸ் பத்து மணிக்குத்தான். ஐந்து மணிக்கு எழுந்து ஐம்பது நிமிஷம் குளிக்க என்ன அவசரம்? வெளியே வந்தவள் மேல் ரோஜா செண்ட் வாசனை. செண்ட் யார் வாங்கிக் கொடுத்தது என்று இந்திராணியைக் கேட்டேன். நான்தான் என்றாள். என் மனைவி தனக்கு ஒரு பவுடர் டப்பா வாங்கவே ஆறு மாசம் யோசிக்கிறவள்.

மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்பினேன். நேற்றும் நான்தான் நிரப்பினேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம். தாரணி வடையைத் தொடவில்லை, பாயசத்தில் ஒரு ஸ்பூன்.

சாயங்காலம் எங்கள் டெப்போ டிரைவர் குருசாமி மனைவியையும் நாற்பது நாள் ஆண் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்தான். குழந்தைக்குத் தாரணிக்கு இருந்த அதே கோளாறு. வயிறு உப்பி, வெளிக்குப் போகாமல், பச்சையாக வாந்தி. மதுரையில் முதலில் வயிற்றில் ஓட்டை போட்டுப் பை வைக்க வேண்டும், சில மாசம் கழித்துப் பெரிய ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெண் அழுதுகொண்டே இருந்தாள். பையெல்லாம் வேண்டாம், ஒரே ஆபரேஷனில் முடிக்கிற இடம் இருக்கிறது, என் பெண்ணைப் பார் என்று தாரணியைக் கூப்பிட்டேன்.

தாரணி வந்து நின்றாள். அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாத்ரூம் போறதெல்லாம் நல்லா இருக்காம்மா?" என்று கேட்டாள். தாரணி என்னைப் பார்த்தாள். கூச்சப்படுகிறாள் என்று நானே பதில் சொன்னேன். ஒரு குறையும் கிடையாது, வயிற்றில் தழும்புகூட இல்லை, பள்ளிக்கூடத்தில் முதல் ஐந்து பேரில் ஒருத்தி என்று. தாரணி சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். குருசாமி என் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அவர்கள் போனபிறகு இந்திராணி பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினாள்.

ஏப்ரல் 23, செவ்வாய்

வத்தலக்குண்டு வண்டியில் கண்டக்டர் சகாயராஜைப் பிடித்தேன். டிக்கெட் மிஷின் ரிப்பேர் என்று பழையபடி டிக்கெட் கட்டும் கணக்குத் தாளுமாக ஓட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு ஸ்டேஜ் தாண்டும்போதும் எத்தனை பேர் ஏறினார்கள், எந்த நம்பர் வரை டிக்கெட் கிழித்தது என்று தாளில் எழுத வேண்டும். நான் செம்பட்டியில் ஏறினேன். தாளை வாங்கிப் பார்த்தால் வத்தலக்குண்டு வரை எழுதி முடித்திருக்கிறான். வராத ஊருக்கெல்லாம் ஆள் ஏற்றியாகிவிட்டது.

"தினம் ஓடுற ரூட்டு சார். எங்க எத்தனை பேர் ஏறுவாங்கன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். கடைசியில எண்ணிப் பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்றான்.

மெமோ எழுதிவிட்டேன். "பார்க்காமல் எழுதிய கணக்கு, சரியாகவே இருந்தாலும் பொய்க் கணக்கு." இந்த வரி எனக்கே பிடித்திருந்தது. வீட்டில் படித்துக் காட்டினேன். இந்திராணி அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

ஏப்ரல் 24, புதன்

குளியலறை, ஐந்து ஐந்திலிருந்து ஐந்து ஐம்பத்தைந்து வரை.

மே 4, சனி

ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. போனை வைத்தாலும் விடமாட்டார்கள் போல. மூன்று தடவை படித்தேன். பை வைத்து இரண்டு மூன்று கட்டமாக ஆபரேஷன் செய்த பிள்ளைகள், பை இல்லாமல் ஒரே தடவையில் செய்த பிள்ளைகள், இந்த இரண்டு வகையினரும் வளர்ந்தபின் எப்படி இருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்களாம். பெற்றோருக்கு ஒரு படிவம், பிள்ளைக்குத் தனிப் படிவம், தனி அறை.

தனி அறை எதற்கு? நாங்கள் கண்டக்டரையும் டிரைவரையும் தனித்தனியாக விசாரிப்போம். இரண்டு பேர் சொல்வதும் முட்டினால் மாட்டிக்கொள்வார்கள்.

நான் மறந்துவிடவில்லை. தாரணி பிறந்து மூன்றாம் நாள் வயிறு தவில் மாதிரி ஆகிவிட்டது. பெருங்குடலின் கடைசிப் பகுதியில் பிறவியிலேயே நரம்பு இல்லை, அதனால் அந்த இடம் மலத்தைத் தள்ளாது, அதை வெட்டி எடுத்துவிட்டு நல்ல குடலைக் கீழே இழுத்து இணைக்க வேண்டும் என்றார்கள். மதுரையில் முதலில் பை என்றார்கள். வீட்டில் பெரியவர்கள் சம்மதிக்கவில்லை. பெண் குழந்தை வயிற்றில் பையைக் கட்டிக்கொண்டு இருப்பதை ஊர் பார்க்கும் என்றார்கள். அதனால் கோயம்புத்தூர். அங்கே பெரிய டாக்டர் ஒருவர் வயிற்றைக் கிழிக்காமல் கீழ் வழியாகவே முடித்துக் கொடுத்தார். அந்தக் காலத்தில் அது புதுசு. ஆபரேஷன் முடிந்து பத்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டோம். ஒரு வருஷம் நேரில் போனோம். பிறகு கார்டு.

இப்போது என் முடிவு தப்பு என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள். வேறு எதற்கும் இல்லை.

கடிதத்தை பீரோவில் என் சட்டைகளுக்கு அடியில் வைத்தேன்.

மே 5, ஞாயிறு

கடிதம் சட்டைகளுக்கு அடியில்தான் இருக்கிறது. ஆனால் நான் நான்காக மடித்தேன். இப்போது இரண்டாக மடித்திருக்கிறது.

மே 10, வெள்ளி

எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதிவைக்க வேண்டும். மளிகைச் சீட்டில் இந்திராணி மாதத்துக்கு ஆறு பாக்கெட் நாப்கின் எழுதுகிறாள். வீட்டில் இருப்பது இரண்டு பெண்கள், அதில் ஒருத்திக்கு ஐம்பது ஆகப்போகிறது. போன வருஷச் சீட்டுகளையும் எடுத்துப் பார்த்தேன். அதிலும் ஆறு.

இன்று எனக்கு வார விடுப்பு. பத்து மணிக்கு தாரணி டைப்ரைட்டிங் கிளாஸுக்குப் போனபிறகு நானும் கிளம்பினேன். பேகம்பூரில் கிளாஸுக்கு எதிரே சைக்கிள் கடை. காற்றடிக்கிற சாக்கில் நின்றேன். பத்து இருபதுக்கு வெளியே வந்தாள். பையைப் பின்பக்கம் மறைத்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அது ஓட்டமில்லை, ஓடாமல் இருக்கப் பாடுபடுகிற நடை. டிக்கெட் எடுக்காதவன் பின் படியில் இறங்கிப் போகும்போது அப்படித்தான் நடப்பான்.

இரண்டு தெரு தள்ளி அவளோடு படித்த பெனாசிர் வீடு. உள்ளே போய்விட்டாள். முப்பத்தைந்து நிமிஷம். பெனாசிருக்கு ஓர் அண்ணன் உண்டு, பைக் வைத்திருக்கிறான். பைக் வாசலில் இல்லை. இல்லாததுதான் எனக்கு அதிகச் சந்தேகம்.

வெளியே வந்தபோது பச்சைச் சுடிதார் பேன்ட் இல்லை, கறுப்பு பேன்ட். போனது ஒன்று, வந்தது ஒன்று. கதவைத் தட்டியிருக்கலாம். நூறு பேர் ஏறியிருக்கிற வண்டியில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்கிறவன் நான். தட்டவில்லை.

சைக்கிள் கடைக்காரர் காற்று போதுமா சார், டயர் வெடிச்சிரும் என்றார்.

மே 13, திங்கள்

தாரணி ரிசல்ட். பள்ளியில் மூன்றாவது. டெப்போவில் லட்டு கொடுத்தேன். குருசாமி வரவில்லை. கோயம்புத்தூருக்குக் குழந்தையைக் காட்டப் போயிருக்கிறானாம்.

ஜூன் 7, வெள்ளி

விவசாயப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. அரசுக் கல்லூரி. நான்கு வருஷம், ஹாஸ்டல் கட்டாயம். ஆறாம் வகுப்பிலிருந்து அவள் ஆசைப்பட்டது இதற்குத்தான். மொட்டை மாடியில் வெண்டைக்காயும் கத்தரியும் வைத்து அதற்கு ஒரு நோட்டுப் போட்டு எழுதுகிறவள்.

போகவில்லை என்கிறாள். உள்ளூரிலேயே பி.எஸ்ஸி. சேர்கிறேன் என்கிறாள். காரணம் கேட்டால் வீட்டை விட்டு இருக்க முடியாது என்கிறாள். எட்டாம் வகுப்பு டூரையும் வேண்டாம் என்றாள், பத்தாம் வகுப்பு டூரையும் வேண்டாம் என்றாள். அப்போதெல்லாம் அடக்கமான பிள்ளை என்று பெருமைப்பட்டேன். ஊரை விட்டு நகர மறுக்கிறாள் என்றால் ஊருக்குள் ஒரு காரணம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? சேருவதற்குக் கடைசி நாள் ஜூலை பதினைந்து.

ஜூன் 9, ஞாயிறு

கேட்டுவிட்டேன். ஒரு மாசமாக நெஞ்சில் வைத்திருந்ததை மத்தியானச் சாப்பாட்டில் கொட்டிவிட்டேன். பேகம்பூர் வீட்டுக்குப் போனது, அரை மணிக்கு மேல் உள்ளே இருந்தது, பேன்ட் மாறியது எல்லாம் எனக்குத் தெரியும் என்றேன். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், எதற்காகப் போகிறாய் என்று கேட்டேன்.

தாரணி சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். "அங்க பாத்ரூம் இருக்குப்பா" என்றாள்.

திமிரான பதில். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். இந்திராணி, "நீங்க மனுசங்களையே பாக்க மாட்டீங்க, டிக்கெட்டத்தான் பாப்பீங்க" என்றாள். இருபது வருஷத்தில் அவள் என்னை இப்படிச் சொன்னதில்லை.

ஜூன் 10, திங்கள்

இந்திராணியின் போனை எடுத்துப் பார்த்தேன். தப்புத்தான், ஆனாலும் பார்த்தேன். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி நம்பருக்கு நான்கு தடவை பேசியிருக்கிறாள். முதல் போன் மே ஐந்தாம் தேதி. இரண்டாக மடித்தது யார் என்று தெரிந்துவிட்டது.

வீட்டுக்குள்ளேயே இரண்டு பேர் சேர்ந்துகொண்டு எனக்குத் தெரியாமல் வண்டி ஓட்டுகிறார்கள். பதினேழாம் தேதி தாரணியைக் கூட்டிக்கொண்டு போகிறாளாம். நீங்கள் வர வேண்டாம் என்றாள். வருவேன் என்றேன்.

ஜூன் 17, திங்கள்

இப்போது சாயங்காலம். ஆஸ்பத்திரி எதிரே லாட்ஜ் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பஸ்ஸில் தாரணி கடைசி சீட்டில், படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முன்னால் ஜன்னல் சீட் காலியாக இருந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தாராபுரத்தில் வண்டி நின்றதும் முதலில் இறங்கியவள் அவள்தான், கடைசியாக ஏறியவளும் அவள்தான். இதையெல்லாம் நான் கவனித்துக்கொண்டேதான் வந்தேன். கவனிப்பதில் எனக்கு என்றுமே குறை இருந்ததில்லை.

டாக்டர் மெஹருன்னிசாவுக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். தாரணியைத் தனி அறைக்கு அனுப்பினார்கள். இந்திராணியும் கூடப் போனாள். நான் மட்டும் டாக்டர் முன்னால். உங்கள் ஆபரேஷனில் என்ன தப்பு நடந்தது, அதை இப்போது யார் தலையில் கட்டப் பார்க்கிறீர்கள் என்று நேரடியாகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. பழைய ஃபைலைத் திறந்து மேஜையில் கார்டுகளை வரிசையாக வைத்தார். பதினாறு கார்டுகள்.

எல்லாம் என் கையெழுத்து. "குழந்தையின் மலம் கழிக்கும் பழக்கம் எப்படி உள்ளது?" நலம். "துணியில் கசிவு உண்டா?" நலம். "பள்ளி செல்வதில் சிரமம் உண்டா?" நலம். உண்டா இல்லையா என்று கேட்ட கேள்விக்கு நலம் என்று எழுதியிருக்கிறேன். ஒன்பதாவது கார்டில் கேள்விக்குக் கேள்வி எழுதச் சலித்துப்போய் ஒரே நலம் எழுதி அடைப்புக்கோடு போட்டிருந்தேன். கார்டின் அடியில் சின்ன எழுத்தில், "நேரில் வர இயலாதவர்கள் மட்டும்" என்று அச்சடித்திருந்தது. டிக்கெட்டின் பின்பக்கத்துச் சின்ன எழுத்தையும் படிக்கிறவன் நான். பதினாறு வருஷமாக இது என் கண்ணில் படவில்லை.

"இத எழுதும்போது பிள்ளையக் கேட்டீங்களா சார்?" என்றார் டாக்டர்.

கேட்கவில்லை. கார்டு வந்த அன்றே எழுதி அன்றே பெட்டியில் போட்டுவிடுவேன். அதுதான் ஒழுங்கு என்று நினைத்தேன்.

பிறகு அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். இதுவரை அவர்கள் பார்த்த பிள்ளைகளில், பை வைத்தவர்களிலும் நன்றாக இருப்பவர்கள் உண்டு, கஷ்டப்படுகிறவர்களும் உண்டு. பை வைக்காதவர்களிலும் அப்படியே. வெட்டிய விதத்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லையாம். நன்றாக நடந்த ஆபரேஷனுக்குப் பிறகும் சில பிள்ளைகளுக்கு அடக்க முடியாமல் கசியும். சிலருக்கு வருஷம் போகப் போகச் சரியாகும், சிலருக்கு ஆகாது. அதற்கு வழி இருக்கிறது. தொடர்ந்து வந்தவர்களுக்கு அதைச் சின்ன வயசிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வராதவர்கள் தாங்களாகவே எதையாவது செய்து மறைத்துக்கொண்டு வளர்ந்திருக்கிறார்கள்.

"எங்க மேலயும் தப்பு இருக்கு சார். கார்டு வந்துச்சு, நல்லா இருக்காங்கன்னு எழுதி அடுக்கி வெச்சிட்டோம். இப்பத்தான் பிள்ளைங்களையே கேக்குறோம்."

என் முடிவு தப்பு என்று சொல்வார் என்று இரண்டு மாசமாகப் பதில் தயார் பண்ணி வைத்திருந்தேன். அவர் அந்த முடிவைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. தப்பு என்று சொல்லியிருந்தால் இதைவிட எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

கதவு திறந்து தாரணி வந்தாள். கையில் அவள் எழுதிய படிவம். டாக்டர் அதை வாங்கக் கையை நீட்டினார். இதை அப்பாவுக்குக் காட்ட வேண்டியதில்லை என்றும் அவளிடம் சொன்னார். தாரணி படிவத்தை என்னிடம் நீட்டினாள்.

"படிங்கப்பா. செக் பண்ணுங்க."

நான்கு பக்கம். ஐந்து மணிக்கு எழுந்து ஐம்பது நிமிஷம் ஏன் என்று அதில் இருந்தது. நாப்கின் ஏன், செண்ட் ஏன், பெனாசிர் வீட்டில் மாற்றுடை ஏன் வைத்திருக்கிறாள், டூர் ஏன் வேண்டாம், வடை ஏன் வேண்டாம், எல்லாம் இருந்தது. ஆறாம் வகுப்பில் ஒரு பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு பெஞ்சு மாறி உட்கார்ந்தது இருந்தது. ஹாஸ்டலில் ஒரு மாடிக்கு எத்தனை குளியலறை என்று கல்லூரிக்குப் போன் பண்ணி விசாரித்தது இருந்தது. பன்னிரண்டு பெண்களுக்கு ஒன்று.

கடைசிக் கேள்வி, "இதைப் பற்றி வீட்டில் யாரிடம் பேசுவீர்கள்?" அதற்குத் தாரணி எழுதியிருந்தது இது. நான் பார்த்து எழுதவில்லை, மனப்பாடம் ஆகிவிட்டது.

"அம்மாவிடம். அப்பாவிடம் சொல்ல முடியாது. நான் பூரணமாகச் சரியாகிவிட்டேன் என்று அவர் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். நான் சொன்னால் அவர் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும்."

நான் அழுதேன். ஆஸ்பத்திரி என்றும் பார்க்கவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

திருத்தம். மே 4-இல் வீட்டில் பெரியவர்கள் சம்மதிக்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். பெரியவர்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பை வேண்டாம் என்றது நான். இந்திராணி மதுரையிலேயே செய்துவிடலாம் என்றாள், நான் கேட்கவில்லை. ஊர் என்ன சொல்லும் என்று பயந்தது நான். வருஷா வருஷம் நலம் நலம் என்று எழுதியதும் ஆஸ்பத்திரிக்காக இல்லை.

ஜூன் 21, வெள்ளி

சகாயராஜ் விசாரணை. மேனேஜர் உங்கள் ரிப்போர்ட்டில் மாற்றம் உண்டா என்று கேட்டார். ரிப்போர்ட் சரிதான், ஆனால் முதல் தடவை, எச்சரித்து விடலாம் என்று எழுதிக் கொடுத்தேன். டெப்போவே என்னை ஒரு மாதிரி பார்த்தது. சகாயராஜ் வெளியே வந்து சார், என்ன சார் உடம்புக்கு என்று கேட்டான்.

அவனுக்கு முதல் தடவை. எனக்கு எத்தனையாவது தடவை என்று யாரும் கேட்கவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

குருசாமி வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு நான் சொன்னதில் எனக்குத் தெரிந்தது பாதிகூட இல்லை, எந்த டாக்டர் எந்த முறை சொன்னாலும் அவர்களிடமே எல்லாவற்றையும் கேள், ஆபரேஷன் முடிந்து வருஷக் கணக்கானாலும் நேரில் காட்டுவதை மட்டும் விடாதே என்றேன். குருசாமிக்கு முகம் மாறிவிட்டது. "அப்ப தாரணிக்குச் சரியாகலையா சார்?" என்றான். அதை அவள்தான் சொல்ல வேண்டும் என்றேன்.

அவன் மனைவி நம்பரைத் தாரணியிடம் கொடுத்தேன். உனக்கு விருப்பம் இருந்தால் பேசு, இல்லாவிட்டால் வேண்டாம் என்றேன். மாடிக்குப் போய் முக்கால் மணி நேரம் பேசினாள். என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு இவ்வளவு பலம் வேண்டும் என்று இன்றுதான் தெரிந்தது.

ஜூன் 29, சனி

ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தபடி தாரணி தினமும் ஒரே நேரத்தில் குழாய் வழியாகத் தண்ணீர் விட்டுக் குடலைக் கழுவிக்கொள்கிறாள். அவளாகவே. சரியாக நடந்தால் மறுநாள் வரை பயமில்லை என்றிருக்கிறார்கள். சாப்பாட்டிலும் சில மாற்றம். முதல் நான்கு நாள் சரிப்பட்டு வரவில்லை, ஒரு நாள் அழுதாளாம். இந்திராணி சொன்னாள். அவளாகவே வந்து சொன்னாள்.

இன்று தாரணி என்னோடு சந்தைக்கு வந்தாள். இரண்டு மணி நேரம். போகும்போதும் வரும்போதும் ஜன்னல் சீட்.

ஜூலை 6, சனி

இன்று தாரணிக்கு வெளியில் வைத்துக் கசிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் வந்தாள். வாசலில் என்னைப் பார்த்ததும் நின்றாள். நான் மோட்டாரைப் போட்டுவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. திரும்பி வந்தபோது மாடியில் வெண்டைச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். "தொட்டி ரொம்பி வழிஞ்சிருச்சுப்பா" என்றாள்.

ஜூலை 12, வெள்ளி

நான்கு பேரும் கல்லூரிக்குப் போனோம். நான்காவது ஆள் டாக்டர் கொடுத்த கடிதம் என்று தாரணி சொன்னாள். வார்டன் அம்மாவிடம் அவள்தான் பேசினாள், நான் வராந்தாவில் நின்றேன். கீழ்த்தளத்தில் நோயாளிப் பிள்ளைகளுக்கென்று ஓர் அறை இருக்கிறது, தனிக் குளியலறையோடு. அதைக் கொடுக்கிறேன் என்றார்களாம். காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வருமா என்று நான் உள்ளே எட்டிப்பார்த்துக் கேட்டேன். வரும் என்றார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. குழாயைத் திறந்து பார்த்தேன். வந்தது.

சேர்த்துவிட்டோம்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இந்த வருஷக் கார்டு வந்துவிட்டது. பதினேழாவது. ஆய்வு நடந்தாலும் ஆபீஸ் பழக்கம் நிற்கவில்லை. பேனாவை எடுத்துவிட்டேன். முதல் கேள்விக்கு ந என்று எழுதியும்விட்டேன். கை தானாகப் போய்விட்டது. அடித்துவிட்டு மேஜை டிராயரில் வைத்தேன். வியாழக்கிழமை சுதந்திர தின விடுமுறைக்குத் தாரணி வருகிறாள்.

ஆகஸ்ட் 15, வியாழன்

தாரணி நேற்றுச் சாயங்காலமே வந்துவிட்டாள். கறுத்திருக்கிறாள். வயலில் நிற்க வைக்கிறார்களாம். இரண்டு தடவை கஷ்டமாகிவிட்டது என்று சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாள். பக்கத்து அறைத் தோழிக்குத் தெரியுமாம். வடையில் ஒன்று சாப்பிட்டாள், இரண்டாவதில் பாதி.

கார்டைக் கொடுத்தேன். என் அடித்தலைப் பார்த்துச் சிரித்தாள். மாடிக்கு எடுத்துக்கொண்டு போய் வெகு நேரம் கழித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். "போட்டுருங்கப்பா" என்றாள்.

உறை இல்லாத கார்டு. முகவரிப் பக்கம் மேலே இருக்கும்படி சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு தபால் பெட்டி வரை நடந்தேன். இருபத்தாறு வருஷமாகக் கையில் கொடுத்த எந்தக் காகிதத்தையும் நான் திருப்பிப் பார்க்காமல் விட்டதில்லை. பெட்டி முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன்.

படிக்கவில்லை. போட்டுவிட்டேன். கை நழுவும்போது ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. என்ன எழுதியிருந்தாள் என்று தெரியாது. கட்டங்கள் போதாமல் ஓரத்திலும் கார்டைத் திருப்பித் திருப்பி எழுதியிருந்தாள்.